ஒரு "கு"வுக்கு எத்தனை ஆங்கிலம்? – பாகூர் வழியாக ஒரு ப்ரிபொசிஷன் வரலாறு

புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர் கொம்யூனில், வங்கக் கடலை ஒட்டி இருக்கிற ஊர் பனித்திட்டு. திட்டு என்றால் மேடான இடம். இங்கிலீஷ் வகுப்பில் பிள்ளைகள் வாங்குகிற திட்டு வேறு. அந்தத் திட்டில் பாதிக்குக் காரணம் என்ன என்று பார்த்தால், ப்ரிபொசிஷன் என்கிற முன்னிடைச்சொல்லாகத்தான் இருக்கும்.

கடலோர ஊரில் தினமும் காதில் விழுகிற சில வாக்கியங்களை எடுத்துக்கொள்ளலாம்.

"அப்பா கடலுக்குப் போயிருக்கார்." ஆங்கிலத்தில் 'கோ' என்ற வினைக்குப் பிறகு 'டு' வரும். தமிழில் 'கு', ஆங்கிலத்தில் 'டு'. பிரச்சினை இல்லை. பையன் ஒரு விதியைக் கண்டுபிடித்துவிட்டான்: கு என்றால் டு!

"அம்மா அப்பாவுக்குக் காத்திருக்காங்க." இங்கேயும் கு தான். ஆனால் 'வெயிட் டு' என்று எழுதினால் தப்பு. 'வெயிட் ஃபார்' என்று எழுத வேண்டும்.

"தம்பி அலைக்குப் பயப்படுறான்." இங்கே 'அஃப்ரைட் ஆஃப்'.

"பெரியவங்களுக்குக் கீழ்ப்படி." இங்கே 'ஓபே' என்பதற்குப் பிறகு ஒன்றுமே வரக்கூடாது!

தமிழில் ஒரே 'கு'. ஆங்கிலத்தில் அது டு, ஃபார், ஆஃப், வெற்றிடம் என்று நான்காகப் பிரிந்துவிட்டது. பையன் கண்டுபிடித்த விதி நாலே வாக்கியத்தில் செத்துப்போகிறது. ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "இங்கிலீஷ்ல அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்பதுதான்.

அந்தப் பதில் பொய்யில்லை, ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதி வரலாற்றில் இருக்கிறது. அதில் கொஞ்சம் பாகூர் மண்ணிலேயே கிடக்கிறது.

பாகூரில் ஒரு பழைய கல்லூரி

பாகூருக்கு மொழிப் பாடம் புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ அரசன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது ஒரு கல்வி நிலையத்துக்கு, மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டன. அதைச் சொல்லும் செப்பேடுதான் பாகூர்ச் செப்பேடு. அதில் ஒரு பகுதி வடமொழியிலும் ஒரு பகுதி தமிழிலும் இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் ஒரே செய்தியை இரண்டு மொழிகளில் எழுதத் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் அன்றைய மாணவனுக்கு ஒரு வசதி இருந்தது. தமிழ், வடமொழி இரண்டிலுமே வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். கடலை, கடலால், கடலுக்கு, கடலில் என்று தமிழில் வால் மாறுவது போல வடமொழியிலும் வால் மாறும். பெயருக்கு முன்னால் தனியாக ஒரு சொல்லைக் கொண்டுவந்து நிறுத்தும் வேலை இல்லை.

அதற்காக அவனுக்குக் குழப்பமே வரவில்லை என்று சொல்ல முடியாது. எந்த வினைக்கு எந்த வால் என்கிற கேள்வி எல்லா மொழியிலும் உண்டு. தமிழில் கிடைத்துள்ள இலக்கணங்களில் மிகப் பழையதான தொல்காப்பியம், இதற்கென்றே ஒரு இயலை ஒதுக்கியிருக்கிறது. அதன் பெயரே வேற்றுமை மயங்கியல். ஓர் உருபு வர வேண்டிய இடத்தில் இன்னோர் உருபு வருவதைப் பற்றிய இயல் அது.

அதில் இரண்டு செய்திகள் இந்தக் கதைக்கு மிகவும் பொருத்தமானவை.

ஒன்று, அச்சம். பயப்படுவதைக் குறிக்கும் சொல்லுக்கு இரண்டாம் வேற்றுமையும் வரலாம், ஐந்தாம் வேற்றுமையும் வரலாம் என்கிறது தொல்காப்பியம். அதாவது 'பாம்பை அஞ்சினான்' என்றாலும் சரி, 'பாம்பின் அஞ்சினான்' என்றாலும் சரி. வடமொழி இலக்கணம் எழுதிய பாணினியும் பயத்துக்குக் காரணமானதை ஐந்தாம் வேற்றுமையில்தான் வைக்கிறார். இன்றைக்கு யார் 'பாம்பின் அஞ்சினான்' என்று பேசுகிறார்கள்? 'பாம்புக்குப் பயந்தான்' என்கிறோம். ஐயும் இன்னும் இருந்த இடத்தில் கு வந்து உட்கார்ந்துவிட்டது. வினை அதேதான், அர்த்தமும் அதேதான், உருபு மாறிவிட்டது.

இரண்டு, சார்பு. சுவரில் சாய்வது போன்ற கண்ணுக்குத் தெரிகிற சார்பு என்றால், 'சுவரைச் சார்ந்தான்' என்று 'ஐ' மட்டும்தான். ஒருவர் ஆதரவை நம்பி இருக்கிற சார்பு என்றால் 'ஐ'யும் வரலாம், 'கண்'ணும் வரலாம். ஒரே வினை. சாய்வது உடம்பா, வாழ்க்கையா என்பதைப் பொறுத்து உருபு மாறுகிறது. 'டிபெண்ட்' என்ற வினைக்குப் பின்னால் 'ஆன்' போடுவதா 'அப்பான்' போடுவதா என்று இன்று மாணவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே, அதற்குச் சொந்தக்காரக் கேள்வியைத்தான் தொல்காப்பியம் அலசியிருக்கிறது.

ஆக, வினைக்கு ஏற்ற உருபைத் தேர்ந்தெடுப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த தலைவலி அல்ல. தமிழனுக்கும் அது இலக்கணப் பிரச்சினையாகத்தான் இருந்தது. தாய்மொழி என்பதால் தலைவலி தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆங்கிலத்துக்கும் வால் இருந்தது

இப்போது ஆங்கிலத்தின் பக்கம். பலருக்குத் தெரியாத விஷயம், ஆங்கிலமும் ஒரு காலத்தில் தமிழ் மாதிரி வேற்றுமை உருபுகளை வாலில் ஒட்டிய மொழிதான்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் கல் என்பதற்குச் சொல் 'ஸ்தான்'. இன்றைய 'ஸ்டோன்' அதுதான். கல்லினுடைய என்றால் 'ஸ்தானெஸ்'. கல்லுக்கு என்றால் 'ஸ்தானெ'. இப்படி முதன்மையாக நான்கு வேற்றுமைகள். எந்த வினைக்குப் பிறகு எந்த வேற்றுமை வரும் என்பதற்கு அங்கேயும் கணக்கு இருந்தது. நன்றி சொல்லும் 'தாங்க்' என்ற வினையை எடுத்தால், நன்றி பெறுகிற ஆள் ஒரு வேற்றுமையில் வருவார், எதற்காக நன்றியோ அந்தப் பொருள் வேறொரு வேற்றுமையில் வரும்.

அப்போதும் முன்னிடைச்சொற்கள் இருந்தன. ஆனால் எல்லா பாரத்தையும் அவை சுமக்கவில்லை. பிறகு ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியவர்களோடு கலப்பு ஏற்பட்டது. 1066இல் நார்மன் படையெடுப்பு வந்தது. பேச்சில் சொல்லின் கடைசி அசைகள் தேய்ந்துகொண்டே போயின. வால்கள் ஒன்றுபோல ஒலிக்க ஆரம்பித்தன, பிறகு உதிர்ந்தன. உதிர்ந்த வால் செய்துகொண்டிருந்த வேலையை யாராவது செய்ய வேண்டுமே? ஆஃப், டு, ஃபார், வித், பை, ஆன் என்ற சின்னச் சின்னச் சொற்களின் தலையில் அந்த வேலை விழுந்தது.

உதிராமல் மிச்சம் நின்ற வால்களும் உண்டு. 'ராம்'ஸ் புக்' என்பதில் வருகிற 'ஸ்' அந்தப் பழைய ஆறாம் வேற்றுமையின் வாரிசு. 'ஹிம்', 'ஹூம்' ஆகியவற்றின் கடைசியில் வருகிற 'ம்' பழைய நான்காம் வேற்றுமையின் எச்சம். கிட்டத்தட்ட நம் 'கு'!

இந்த வேலைப் பங்கீடு யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்ததல்ல. பல நூற்றாண்டுகளில் தானாக நடந்தது. அதனால்தான் விதி இல்லை. ஆங்கிலேயர்களே இடையிடையே மாற்றிக்கொண்டும் இருந்தார்கள். இன்று 'நம்பு' என்பதற்கு 'பிலீவ் இன்' என்கிறோம். 1611ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பில் 'பிலீவ் ஆன்' என்று வரும். இன்று 'ஓபே'வுக்கு 'டு' கிடையாது. அதே 1611 பைபிளில் 'டு'வோடு 'ஓபே' வருகிற இடம் உண்டு. இன்று 'மேரி'க்குப் பின் 'வித்' போட்டால் மதிப்பெண் போகும். ஷேக்ஸ்பியர் நாடகத்திலேயே 'மேரீட் வித்' வருகிறது.

பனித்திட்டுப் பையன் எழுதினால் தப்பு, ஷேக்ஸ்பியர் எழுதினால் வழக்காறு. இது கிண்டல் அல்ல, காலம்தான் வித்தியாசம்.

ஆங்கிலேயர்களுக்கே ப்ரிபொசிஷன் பயம் வந்த காலமும் உண்டு. ஜான் ட்ரைடன் என்ற கவிஞர் 1672இல், வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடித்ததற்காக மறைந்த பென் ஜான்சனைக் குறை சொன்னார். பிறகு தான் 1668இல் எழுதிய சொந்தக் கட்டுரையிலேயே அந்தக் 'குற்றம்' இருப்பதைப் பார்த்து, 1684 பதிப்பில் திருத்தி எழுதினார். 1755இல் தன் பெரிய அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனும், வினையோடு இப்படிச் சின்னச் சொற்கள் சேர்ந்து அர்த்தம் மாறுவதுதான் அந்நியர்களுக்கு மிகவும் கடினம் என்பதை முன்னுரையில் ஒப்புக்கொண்டார்.

பாகூரில் மோதிக்கொண்ட இரண்டு மொழிகள்

ஜான்சனின் அகராதி வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1752இல், பாகூரில் ஒரு சண்டை நடந்தது. ஆங்கிலேயர் பக்கம் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், பிரெஞ்சுக்காரர் பக்கம் துய்ப்ளெக்ஸின் உறவினர் கெர்ழான். வென்றது ஆங்கிலேயர். ஆனால் ஊர் கடைசியில் பிரெஞ்சுக்காரர் கையில்தான் நின்றது. நடுவில் புதுச்சேரி பல முறை கைமாறி, 1816இல் மறுபடி பிரெஞ்சு ஆட்சி வந்தது. அது 1954 வரை நீடித்தது.

வரைபடத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பாகூர் கொம்யூனுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் கடலூர். அங்கே 1690லேயே ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கி, செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்துவிட்டது. அதாவது கடலூரில் பள்ளிக்கூடம் போன தமிழ்ப் பையன் படித்தது ஆங்கிலம். சில மைல் வடக்கே பாகூர்ப் பக்கத்திலிருந்து படிக்கப் போனவன் கற்றது பிரெஞ்சு. இரண்டு பேர் வீட்டிலும் பேசியது ஒரே தமிழ்.

இரண்டு பேருக்கும் முன்னிடைச்சொல் தலைவலி உண்டு. ஆனால் வேறு வேறு இடத்தில்! 'கடலுக்குப் போனான்' என்பதற்கு ஆங்கிலம் 'டு' போடும். மீன்பிடிக்கக் கடலில் இறங்குவதைப் பிரெஞ்சு 'ஆன்' என்ற இன்னொரு சொல்லைப் போட்டு 'ஆன் மேர்' என்று சொல்லும்.

இன்னும் சில வினைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு சுவாரஸ்யமான விஷயம் தெரியும்.

பாட்டைக் கேட்டான். தமிழில் 'ஐ'. பிரெஞ்சில் 'எக்கூத்தே', நடுவில் ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் 'லிசன் டு'.

படத்தைப் பார்த்தான். தமிழில் 'ஐ'. பிரெஞ்சில் 'ரெகார்தே', ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் 'லுக் அட்'.

வலையைத் தேடினான். தமிழில் 'ஐ'. பிரெஞ்சில் 'ஷெர்ஷே', ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் 'லுக் ஃபார்'.

இது ஒரு கட்சி. இதற்கு நேர் எதிர்க் கட்சியும் உண்டு.

அப்பாவுக்குக் கீழ்ப்படிந்தான். தமிழில் 'கு'. பிரெஞ்சில் 'ஒபெயீர்' என்பதோடு 'அ' வேண்டும். ஆங்கிலத்தில் 'ஓபே', ஒன்றும் வேண்டாம்.

அறைக்குள் நுழைந்தான். தமிழில் 'குள்'. பிரெஞ்சில் 'ஆந்த்ரே' என்பதோடு 'தான்' வேண்டும். ஆங்கிலத்தில் 'என்டர்', ஒன்றும் வேண்டாம்.

அதைப் பற்றி விவாதித்தான். தமிழில் 'பற்றி'. பிரெஞ்சில் 'திஸ்க்யுத்தே' என்பதோடு 'த' வரும். ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்', ஒன்றும் வேண்டாம்.

தமிழும் பிரெஞ்சும் ஒரு பக்கம் நிற்க, ஆங்கிலம் தனியாக நிற்கிறது. 'ஓபே', 'என்டர்' என்ற இரண்டு வினைகளும் நார்மன்களின் வருகைக்குப் பிறகு பிரெஞ்சிலிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போயின. 'டிஸ்கஸ்' லத்தீனிலிருந்து வந்தது. இன்றைய ஆங்கிலத்தில் வினை மட்டும் தங்கிவிட்டது, கூட வர வேண்டிய சின்னச் சொல் தங்கவில்லை. வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தார், மாப்பிள்ளைத் தோழன் பாதியிலேயே திரும்பிவிட்டான் என்கிற மாதிரி.

கடலோரக்காரர்களுக்குப் பிடிக்கும்படி ஒரு சொல் இருக்கிறது. வந்து சேர்வதைக் குறிக்கும் 'அரைவ்' என்ற வினையும் பிரெஞ்சு வழியாக வந்ததுதான். அதன் வேர் லத்தீனில் கரை என்று பொருள்படும் 'ரீபா'. அதற்கு முன்னால் 'நோக்கி' என்ற பொருளில் 'அட்' ஒட்டியிருக்கிறது. கரை சேர்ந்தான் என்பதுதான் பழைய அர்த்தம். அதாவது கரைக்கு என்பதில் உள்ள 'கு' அந்த வினைக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. அது மறந்துபோனதால் இன்று மறுபடியும் வெளியே 'அட்' அல்லது 'இன்' போட வேண்டியிருக்கிறது.

1954க்குப் பிறகு

1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படியும் முழுமையானது. 1965ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கியது. ஆங்கிலமும் தொடரலாம் என்றது.

ஆட்சி மாறியதும் வேலைக்கான மொழியும் மாறியது. பிரெஞ்சில் மனு எழுதத் தெரிந்தவர் ஆங்கிலத்தில் எழுத வேண்டியதாயிற்று. அவர் கையிலிருந்த இரண்டு மொழிகளுமே 'டிஸ்கஸ்' வினைக்குப் பின்னால் ஒரு சொல்லைப் போடச் சொல்லும். இரண்டு மொழிகளுமே 'லிசன்' வினைக்குப் பின்னால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும். இப்படிப்பட்டவர் 'டிஸ்கஸ் அபௌட்' என்றும் 'லிசன் த சாங்' என்றும் எழுதியிருந்தால் அதை மக்குத்தனம் என்று சொல்ல முடியுமா? அவர் தெரிந்த கணக்கைச் சரியாகப் போட்டார். ஆங்கிலம் வேறு கணக்கு வைத்திருந்தது.

'டிஸ்கஸ் அபௌட்' தமிழர்களுக்கு மட்டும் உரிய தவறு என்று நினைக்க வேண்டாம். நைஜீரியாவிலும் சிங்கப்பூரிலும் கூட அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. ஏனென்றால் ஆங்கிலமே ஆளைத் தடுக்கிவிடுகிறது. 'டாக் அபௌட்' சரி. 'டிஸ்கஷன் அபௌட்' சரி. 'டிஸ்கஸ் அபௌட்' மட்டும் தப்பு! 'ரெக்வெஸ்ட்' கதையும் இதேதான். அது பெயர்ச்சொல்லாக வந்தால் 'ஃபார்' உண்டு, வினையாக வந்தால் இல்லை.

கணக்குப் புத்தகத்தில் ஒளிந்திருக்கும் இரண்டு சொற்கள்

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. லெட்ஜரில் பற்றுப் பக்கம் 'டு', வரவுப் பக்கம் 'பை' என்று எழுதுகிறார்களே, அது ஏன்? 'டு கேஷ் அக்கவுண்ட்', 'பை சேல்ஸ் அக்கவுண்ட்' என்று பதினொன்றாம் வகுப்பிலிருந்து எழுதி எழுதிக் கை தேய்ந்திருக்கும். அர்த்தம் கேட்டால் முழிப்போம்.

பழைய ஆங்கிலக் கணக்கர்கள் முழு வாக்கியமாக எழுதினார்கள். இன்ன கணக்கு இன்ன கணக்குக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதற்கு 'டெப்டர் டு'. இன்னதன் மூலம் வரவு பெற்றிருக்கிறது என்பதற்கு 'கிரெடிட்டர் பை'. காலப்போக்கில் முன்னால் இருந்த சொல் சுருங்கிப் போனது. 'டு'வும் 'பை'யும் மட்டும் அனாதையாக நின்றுவிட்டன. பிரிட்டனின் இன்றைய கணக்குப் பாடநூல்கள் பெரும்பாலும் அவற்றைக் கைவிட்டுவிட்டன. இந்திய நோட்டுப் புத்தகங்களில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அந்த 'டு' கடனுக்குரிய 'கு' என்று தெரிந்தால், பற்றா வரவா என்ற குழப்பம் கூடக் கொஞ்சம் குறையும்.

வணிகச் சட்டத்திலும் ஒன்று உண்டு. அறைக்குள் நுழைவதற்கு 'என்டர்' மட்டும் போதும் என்று மேலே பார்த்தோம். ஆனால் ஒப்பந்தம் செய்துகொள்வதற்கு 'என்டர் இன்டு' என்றே எழுத வேண்டும். அதேபோல அரிசி வியாபாரம் செய்கிறவர் 'டீல்ஸ் இன்' அரிசி. அரிசி மூட்டை தொலைந்த புகாரைக் கவனிக்கிறவர் 'டீல்ஸ் வித்' புகார். ஒரு சின்னச் சொல் மாறினால் வியாபாரி புகார் விற்கிறவர் ஆகிவிடுவார்!

டோக்கியோவில் பிறந்த மருந்து

சரி, இதைக் கற்றுக்கொள்ள யாராவது நல்ல வழி கண்டுபிடித்தார்களா?

இந்தியாவில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ரென் அண்ட் மார்ட்டின். 1930களில் வந்த அந்த உயர்நிலைப்பள்ளி இலக்கண நூலில், எந்தச் சொல்லுக்குப் பின் எந்த ப்ரிபொசிஷன் என்று நீளமான பட்டியல்கள் உண்டு. அந்த ரென் பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றி 'போ ஜெஸ்ட்' என்ற நாவல் எழுதிப் புகழ்பெற்றவரும் அவரேதான். பட்டியல் நல்லதுதான். ஆனால் பட்டியலைப் படிப்பது டெலிபோன் டைரக்டரியைப் படிப்பது மாதிரி. தேர்வு முடிந்த மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது.

இன்னொரு வழி ஜப்பானில் பிறந்தது. 1920களில் அங்கே ஆங்கிலம் கற்பிக்கப் போனவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானியமும் தமிழ் மாதிரிதான், பெயருக்குப் பின்னால் சின்ன உருபுகளை ஒட்டும் மொழி. வினை கடைசியில் வரும். அந்த மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று ஹார்ன்பி ஆண்டுக்கணக்கில் பார்த்தார். சொல்லின் அர்த்தம் மட்டும் தெரிந்தால் போதாது, அந்த வினைக்குப் பின்னால் என்ன வரும் என்பதும் தெரிய வேண்டும் என்று புரிந்துகொண்டார். கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்ற இருவரோடு சேர்ந்து அவர் தயாரித்த அகராதி 1942இல், உலகப் போர் நடுவில், டோக்கியோவில் வெளிவந்தது. வினைகளை அவற்றுக்குப் பின் வரும் அமைப்பின்படி பிரித்துக் காட்டிய அகராதி அது. 1948இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டது. இன்று உலகம் முழுக்க மாணவர்கள் பையில் இருக்கும் ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியின் தொடக்கம் அதுதான்.

ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கு அந்த அகராதி தேவைப்படவில்லை. தடுக்கி விழுந்த ஆசிய மாணவர்களால்தான் அது பிறந்தது. தவறு செய்தவர்கள் இல்லையென்றால் அந்தப் புத்தகமே இல்லை.

தென்னிந்தியாவிலும் முயற்சிகள் நடந்தன. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் ஏறத்தாழ 27,000 ஆங்கில ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் மறுபயிற்சி கொடுக்கும் திட்டம் தொடங்கியது. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் சிலருக்கு, அவர்கள் இன்னும் பலருக்கு என்று உருண்டு பெருகியதால் அதற்குப் பனிப்பந்து என்றே பெயர். வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்குவதுதான் அப்போதைய முறை. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு தலைமையில் நடந்த பெங்களூர்த் திட்டம் வேறு மாதிரி யோசித்தது. ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குப் போட வைத்தால், கவனம் அர்த்தத்தில் இருக்கும்போதே மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது பிரபுவின் வாதம்.

மூன்று வழிகளிலிருந்தும் எடுத்துக்கொள்ள ஒரு பொது விஷயம் உண்டு. 'கு' என்றால் 'டு' என்று உருபுக்கு உருபு மொழிபெயர்க்கக் கூடாது. வினையையும் அதன் சின்னச் சொல்லையும் ஒரே சொல்லாக நினைத்துக்கொள்ள வேண்டும். 'வெயிட்' என்று ஒரு சொல் இருப்பதாகவே எண்ண வேண்டாம். 'வெயிட்ஃபார்' என்று ஒன்று இருப்பதாக எண்ணலாம். 'டிபெண்டான்', 'லிசன்டு', 'பிலாங்டு' எல்லாம் அப்படியே. 'டிஸ்கஸ்', 'ஓபே', 'ரீச்' மூன்றும் தனிக்கட்டைகள். புதிய வினையைச் சந்திக்கும்போது அகராதியில் அர்த்தத்தோடு நிறுத்தாமல், கீழே இருக்கிற எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதையே தன் ஊர் விஷயத்தை வைத்து ஒரு வாக்கியமாக எழுதிப் பார்த்தால் மீதியும் முடிந்தது.

கடைசியாக

புதுச்சேரியின் அரசுப் பள்ளிகள் அண்மை ஆண்டுகளில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. படிப்பு முடிந்தால் வங்கித் தேர்வு, பணியாளர் தேர்வு. அவற்றில் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் 'டிஸ்கஸ் அபௌட்'டும் 'ப்ரிஃபர் தேன்'னும் விடாமல் வரும். காபியை விட டீ பிடிக்கும் என்பதில் இருக்கிற 'விட'வை 'தேன்' என்று மாற்றினால் ஒரு மதிப்பெண் போச்சு. ஒரு மதிப்பெண்ணில் வேலை போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே சரியானதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதில் சமரசம் கிடையாது.

ஆனால் தப்பாகச் சொன்னதற்காக வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வது வேறு விஷயம். நேர்காணலில் விஷயம் தெரிந்தும் 'ஆஃப்' வருமா 'ஃப்ரம்' வருமா என்ற பயத்திலேயே பேசாமல் திரும்புகிற கிராமத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான். அந்தத் தவறு அறிவில்லாததால் வந்ததல்ல. வாலில் உருபு ஒட்டுகிற ஒரு மொழியிலிருந்து, வாலை உதிர்த்துவிட்ட ஒரு மொழிக்குப் போகும்போது எல்லோருக்கும் வருகிற தடுமாற்றம். டோக்கியோ மாணவனுக்கும் வந்தது, பாகூரில் பிரெஞ்சு படித்தவருக்கும் வந்தது. ட்ரைடன் தன் சொந்தக் கட்டுரையையே திருத்தினார்.

அடுத்த முறை வகுப்பில் ஒருவர் 'டிஸ்கஸ் அபௌட்' என்று சொன்னால், பின் பெஞ்சில் சிரிப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம். திருத்திச் சொல்லலாம், சிரிக்க வேண்டாம். பனித்திட்டில் அப்பா கடலுக்குப் போன 'கு' சரியாகத்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது எந்தக் கரையில் போய் ஒதுங்கும் என்பது மட்டும் பழகப் பழகத் தெரியும்.